அறுக்காமல் பார்த்த மாங்காய்

உடுமலைப்பேட்டை சாலையில் நான் வேலை பார்த்த மாம்பழ ஷெட்டுக்குப் போன மாதம் ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறது. காய்கள் பெல்ட்டில் வரிசையாக உருண்டு போகின்றன. நடுவில் ஒரு பெட்டிக்குள் ஒவ்வொரு காயின் மேலும் வெளிச்சம் விழுகிறது. நன்றாகப் பழுக்கக்கூடிய காய் ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமுமாகத் தானே பிரிந்து விழுகின்றன. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னையும் கூப்பிட்டு, முதல் சுவிட்சைப் போடச் சொன்னார்கள். போட்டேன். சத்தம் காதை அடைத்தது. இப்போது அங்கே தரம் பார்க்கும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "ஏனுங்கக்கா, நீங்க கையில ஒரு மெஷின வெச்சுக்கிட்டு மரம் மரமாப் போயி காய் பாத்தீங்களாமா? நெசமாலுங்களா?" என்று கேட்டார்கள். நான் சொன்ன பதில் அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது சாத்தான்குளம் பக்கம். கல்யாணமான கையோடு கணவர் ஞானராஜுடன் திருப்பூருக்கு வந்தேன். அவர் பவர் டேபிளில் தையல். நான் முதலில் பனியன் கம்பெனியில் செக்கிங், பிறகு வீரபாண்டியில் ஒரு சாயப் பட்டறையில் லேப். பி.எஸ்ஸி. வேதியியல் படித்திருந்ததால் அந்த வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பான். நாங்கள் சாயம் போட்ட துணியை ஒரு கருவியின் வாயில் வைத்தால், அது துணியின் மேல் வெளிச்சத்தை அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து, இரண்டு நிறத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லிவிடும். காலையில் வந்ததும் அதற்கு ஒரு வெள்ளைப் பீங்கான் வில்லையைக் காட்ட வேண்டும். எது வெள்ளை என்று தெரிந்தால்தான் அதற்கு மற்றதெல்லாம் தெரியும். பல வருடம் அதைத்தான் செய்தேன்.

பட்டறை முதலாளியின் பெயர் தெய்வசிகாமணி. ஊத்துக்குளிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பனியன் ஏற்றுமதியில் முன்னுக்கு வந்த பிறகும் விவசாயத்தை விடாதவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோபம் வந்தால் எல்லாருக்கும் மரியாதை குறையும். அவருக்கு மட்டும் கூடும். சாதாரணமாக இருக்கும்போது, "என்னங்க செல்வராணி, சாப்டாச்சா?" என்பார். லேசான எரிச்சல் என்றால் குரல் தாழ்ந்து, "அப்படிங்களா… சரிங்க" என்று வரும். உண்மையிலேயே கொதித்துப்போனால், "பரவாயில்லீங்க. ஒண்ணும் தப்பில்லீங்க. நீங்க போயி ஒரு டீ சாப்டுட்டு வாங்க" என்பார். ஒரு முறை ஒரு லாட் துணி முழுவதும் திட்டுத் திட்டாகச் சாயம் ஏறிவிட்டது. டையிங் மாஸ்டரிடம் அவர் "பரவாயில்லீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். மாஸ்டர் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

இன்னொன்று. பெரிய முடிவு எதையும் அவர் நின்றுகொண்டு எடுக்க மாட்டார். எங்கே இருந்தாலும் ஓர் இடம் பார்த்து உட்கார்வார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். அப்புறம்தான் வாயைத் திறப்பார்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். உடுமலைப் பக்கம் அவர் வாங்கியிருந்த தோட்டத்தில் பங்கனப்பள்ளி நன்றாகக் காய்க்க ஆரம்பித்தது. பனியன் அனுப்புகிற நாட்டுக்கே மாம்பழமும் அனுப்பலாம் என்று சாலை ஓரத்தில் ஒரு ஷெட் போட்டார். பக்கத்துத் தோட்டங்களிலும் காய் வாங்கினார். முதல் வருடம் போன பெட்டிகளைப் பற்றி அங்கிருந்து புகார் வந்தது. காய் பார்க்க அழகாக இருக்கிறது, சில பெட்டி தேன், சில பெட்டி வெறும் தண்ணீர், எது எப்படி என்று திறந்து தின்றால்தான் தெரிகிறது, இப்படியே என்றால் அடுத்த வருடம் வேண்டாம் என்று.

அந்த வருடம் பனியன் வேலையாக வெளிநாடு போன முதலாளி, திரும்பி வரும்போது பெட்டியில் ஒரு கருவி கொண்டுவந்தார். முடி உலர்த்தும் மெஷின் மாதிரி ஒரு கைப்பிடி, முன்னால் ஒரு வாய், வாயைச் சுற்றி கறுப்பு ரப்பர் வளையம், பின்னால் சின்னத் திரை. லேபுக்கு வந்து என் மேஜை மேல் வைத்தார்.

"இத மாங்காமேல வெச்சு அழுத்துனா உள்ள எப்படி இருக்குதுன்னு சொல்லுமாங்க. அறுக்க வேண்டீதில்ல, பறிக்கக்கூட வேண்டீதில்ல. நீங்கதான் பாக்கோணும்."

"முதலாளி, எனக்குத் துணிதான தெரியும். மாங்காயப் பத்தி என்ன தெரியும்?"

"வெளிச்சத்தப் பத்தித் தெரியுமில்லீங்க? இதுவும் வெளிச்சந்தானுங்க."

உறையைத் திறந்தேன். உள்ளே கருவியோடு ஒரு சின்ன வெள்ளை வில்லை இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் கருவி வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. நம் ஊர் மாங்காயை அது அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்கு நாங்கள்தான் பழக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. காய்க்குள் இருக்கும் தண்ணீரையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுகிற சத்து இருக்கிறதே, அதுதான் பழுக்கும்போது சர்க்கரையாகிறது. அது குறைவாக இருந்தால் தோல் மஞ்சளாகும், நாக்குக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் ஒரு காயைக் கருவியில் பார்த்து, பார்த்த அதே இடத்தில் சதையை வட்டமாக வெட்டி எடுத்து, எடை போட்டு, ஓவனில் காயவைத்து, மறுபடி எடை போடுவேன். தண்ணீர் போக மிஞ்சியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். கருவி சொன்னதையும் ஓவன் சொன்னதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, கருவிக்குள் பதிய வேண்டும். இப்படிக் கூடை கூடையாக. துணி காயவைக்கும் எங்கள் லேப் ஓவன்தான் அதற்கும். பட்டறை முழுக்க மாங்காய் வாசனை. "என்ர கறுப்புச் சாயத்துல மாங்கா வாசன வருதுன்னு துணி வாங்கற பையர் சொன்னா நான் என்னங்க பதில் சொல்றது?" என்று மாஸ்டர் புலம்புவார். வெட்டியதுபோக மீதிக் காயை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்றவரும் அவர்தான்.

தோட்டத்தில் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். வெயிலில் காய்ந்து சூடேறிய காயில் கருவி வேறு மாதிரி சொல்லும். முதலில் வெள்ளை வில்லையைக் காட்ட வேண்டும். காயின் மேல் படிந்த தூசியை மெத்தென்ற பனியன் துணியால் துடைக்க வேண்டும். காம்புப் பக்கமும் இல்லாமல், மூக்குப் பக்கமும் இல்லாமல், கன்னத்தில் ரப்பர் வளையம் முழுக்கப் பதிகிற மாதிரி வைக்க வேண்டும். வெளி வெளிச்சம் துளி உள்ளே போனாலும் கணக்கு கெட்டுவிடும். அழுத்தினால் உள்ளே ஒரு விளக்கு எரிந்து அணையும், சத்து எவ்வளவு என்று திரையில் ஓர் எண் வரும். பிறகு மறு கன்னம். ஒரே மரத்தில் உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, நிழலில் ஒன்று. காய் கிளையில் ஆடிக்கொண்டே இருக்கும். இடது கையால் குழந்தையின் தலையைத் தாங்குவது போல அடியில் தாங்கிக்கொள்வேன். ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டுப் பால் வடியாது. பார்த்துவிட்டுக் கையை எடுத்தால் காய் பழையபடி தன் பாட்டுக்கு ஆடும். அந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

அடுத்த பருவத்தில் நாங்கள் காய் வாங்குவதாகப் பேசியிருந்த தோட்டங்களில் பெரியது சென்னியப்பனுடையது. அவர் முதலாளியின் மனைவி மரகதம் அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். ஆறடி உயரம், வெள்ளை வேட்டி, பேச்சில் ஒரு முழக்கம். அவருடைய காய்களைப் பார்த்தால் கண் வைக்கத் தோன்றும். ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் தாங்குகிற அளவு, ஒரு புள்ளி இல்லை. மறுநாள் பறிப்பதாக ஏற்பாடு. ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. விமானத்தில் இடமும் போட்டாகிவிட்டது.

காலையில் நான் போய் இறங்கியதும், எங்கள் ஊர் வழக்கப்படி, "வணக்கம் அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் சுருங்கியது.

"அண்ணாச்சியா? என்னைய மளிகக் கடைக்காரனாக்கிப் போட்டீங்களே அம்மிணி!" என்றவர், நான் விழிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "செரி, உங்கூர்ல அது மருவாதின்னா அப்படியே கூப்புடுங்க. வாங்க, காயப் பாருங்க. பாத்தாப் பசி தீரும்."

முதல் மரத்தில் பார்த்தேன். எண் குறைவாக வந்தது. வெள்ளை வில்லையைக் காட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். அதே எண். அடுத்த மரம், அதற்கடுத்த மரம், எல்லாமே ஏற்றுமதிக்கென்று நாங்கள் வைத்திருந்த எல்லைக்குக் கீழே. கூடவே கொண்டுபோயிருந்த முதலாளி தோட்டத்துக் காய் ஒன்றைப் பார்த்தேன். அது முந்தின நாள் காட்டிய எண்ணையே காட்டியது. ஆகவே கருவி சரியாகத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, இந்தக் காய இப்பப் பறிக்க வேண்டாம்னு நினைக்கேன்."

"என்னது?"

"உள்ள தண்ணிதான் கூட இருக்கு. பழுத்தா நிறம் வரும், இனிப்பு வராது."

"இந்த வெளக்கு சொல்லுதா?"

"ஆமா."

அவர் குரல் எழுந்தது. "முப்பது வருசமா மாங்கா வெக்கறவன் நான். தோள் எறங்கியிருக்குது, மேல சாம்பல் பூத்திருக்குது, இதுக்கு மேல என்ன முத்தோணும்? டார்ச் லைட்ட அடிச்சுப் பாத்து எங்காய வேண்டாம்ங்கறீங்களா? மாப்பிளைக்குப் போன போடறேன்!"

மாப்பிள்ளை என்றால் முதலாளிதான். அவர் வந்து சேர்வதற்குள் நான் தோட்டத்தைச் சுற்றினேன். கீழ்ப் பகுதியில் போன வருடம் போட்ட போர்வெல். தண்ணீர் வாய்க்காலில் நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. காய் பெரிதாகட்டும் என்று அறுவடை வரைக்கும் பாய்ச்சியிருக்கிறார். மேற்கே நிலம் பாறையாக மேடேறுகிறது. அங்கே தண்ணீர் ஏறுவதில்லை. மேட்டு மரங்களில் காய் சின்னதுதான். வைத்துப் பார்த்தேன். எண் நன்றாக வந்தது.

முதலாளி வந்தார். மச்சான் சொன்னதை முழுக்கக் கேட்டார். என்னையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பரவாயில்லீங்க" என்றார்.

இரண்டாவது தடவை சொல்லிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. போர்வெல் மோட்டார் மேடையில் போய் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

"மச்சான், போன வாரம் எங்க ஊட்டுக்கு ஒரு கூட காய் குடுத்து உட்டீங்கல்ல? எந்த மரத்துக் காயிங்க அது?"

"இந்தா, இந்த மரந்தான். தங்கச்சிக்குன்னு பாத்துப் பாத்துப் பறிச்சது."

முதலாளி வீட்டுக்குப் போன் போட்டார். மரகதம் அம்மா ஒரு மணி நேரத்தில் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை. அதற்குள் நாலைந்து பழங்கள். பொன் மாதிரி மஞ்சள். அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க! இது பழுக்காத பழமா?" என்று என்னிடம் காட்டினார்.

மரகதம் அம்மா யாரையும் பார்க்கவில்லை. பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா" என்றார். "நீ போன்ல கேட்டப்ப நல்லா இருக்குதுன்னுதான் சொன்னேன்."

"ஆமா, சொன்ன."

"சப்புனு இருந்துச்சுண்ணா. நீ ஆசையாக் குடுத்தது, எப்படிச் சொல்றதுன்னு சும்மா இருந்துட்டேன். குழந்தைங்க ஒரு வாய் கடிச்சுட்டு வெச்சுருச்சுங்க. நாந்தான் வீணாக்கக் கூடாதுன்னு ஒவ்வொண்ணாத் தின்னுட்டு இருந்தேன்."

சென்னியப்பன் ஒரு பழத்தை எடுத்துக் கையாலேயே பிட்டு வாயில் போட்டார். மென்றார். விழுங்க நேரமாயிற்று. பிறகு அவரே நடந்து போய் போர்வெல் மோட்டாரை நிறுத்தினார்.

"இப்ப என்ன பண்ணோணும்ங்கறீங்க அம்மிணி?" என்றார், என் முகத்தைப் பாராமல்.

மேட்டு மரங்களை மறுநாளே பறிக்கலாம் என்றேன். கீழ் மரங்களுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் மரத்திலேயே விட்டால் எண் ஏறும் என்றேன். அன்றைக்கே எந்த மரம் எது என்று அடையாளம் வைத்தோம். பனியன் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணி ஒரு மூட்டை வரவழைத்து, பறிக்கலாம் என்ற மரத்துக்குப் பச்சைத் துண்டு, காத்திருக்க வேண்டிய மரத்துக்குச் சிவப்புத் துண்டு. சாயங்காலம் பார்த்தால் தோட்டமே கட்சி மாநாடு மாதிரி இருந்தது. பெரும்பாலும் சிவப்புக் கட்சி.

மேட்டுக் காய் பெட்டிகளில் ஏறிப் போயிற்று. கீழ்க் காய்க்காக நான் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை போய் வந்தேன். எண் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. சென்னியப்பனும் கூடவே நடப்பார். "இன்னிக்கு எவ்வளவு காட்டுது?" என்பார். குழந்தையின் மார்க்கைக் கேட்கிற அப்பா மாதிரி.

இன்னும் நாலைந்து நாள் போதும் என்றிருந்தபோது மேகாற்று என்கிற மேற்குக் காற்று வந்தது. உடுமலைக் காற்றைப் பற்றி அந்தப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. ஆனால் வழக்கமாக வருகிற நேரத்துக்கு முன்னாலேயே, மழையும் ஆலங்கட்டிக் கல்லுமாக ஒரு மத்தியானம் அடித்து ஓய்ந்தது.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்துத் தரை தெரியவில்லை. நான் கையில் தாங்கித் தாங்கிப் பார்த்த காய்களெல்லாம் சேற்றில் கிடந்தன. பாதிக்கு மேல் போயிருக்கும். சென்னியப்பன் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நான் கத்தலுக்குத் தயாராகத்தான் போனேன். பொறுங்கள் என்று சொன்னவள் நான்தானே. அவர் கத்தவில்லை.

"ஏனுங்க அம்மிணி, காத்து வரும்னு உங்க வெளக்குல தெரியாதுங்களா?" என்று கேட்டார்.

அது குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

"ம்" என்று தலையை ஆட்டிவிட்டு, குனிந்து ஒரு காயை எடுத்துத் துடைத்தார். அப்புறம் இன்னொன்று. நானும் குனிந்தேன். இருட்டும் வரை இருவரும் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

முதலாளி மறுநாள் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. அவர் காருக்குப் பின்னாலேயே கம்பெனி வேன்கள் வந்து நின்றன. ஹாஸ்டல் பெண்கள், கேன்டீன் ஆட்கள், மதுரைப் பக்கத்துப் பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள், என் கணவர் ஞானராஜ், டையிங் மாஸ்டர் உட்பட எல்லாரும் இறங்கினார்கள். "காய் அத்தனையும் கம்பெனிக்கு வேணுமுங்க மச்சான். கேன்டீனுக்கு ஊறுகா வெளியில வாங்கிக் கட்டுபடி ஆகறதில்லீங்க" என்றார் முதலாளி. அதுவரை எங்கள் கேன்டீனில் ஊறுகாய் என்ற ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

அன்று தோட்டத்தில் இருந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. நாலு ஊர்த் தமிழும் ஹிந்தியும் கலந்து கேட்டது. அடிபட்ட காயைத் தனியாக, அடிபடாத காயைத் தனியாகப் பொறுக்கினார்கள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வெல்லம் போட்டுச் செய்யலாம் என்றாள். மதுரைப் பெண்கள் நல்லெண்ணெயில்தான் என்றார்கள். ஒடிசாப் பையன் ஒருவன் கடுகெண்ணெய் என்று சொல்லி எல்லாரிடமும் திட்டு வாங்கினான். மரகதம் அம்மா அருவாமணையோடு நடுவில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சென்னியப்பன் வீட்டிலிருந்து எல்லாருக்கும் சாப்பாடு வந்தது. அவர் பந்தியில் நடந்துகொண்டே, "போட்டுச் சாப்புடுங்க கண்ணு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர் கண் சிவந்துதான் இருந்தது. ஆனால் முழக்கம் திரும்பிவிட்டது. அந்த வருடம் முழுக்க எங்கள் கேன்டீனில் மூன்று வகை மாங்காய் ஊறுகாய்.

மரத்தில் தப்பித்த காய்களை அடுத்த வாரம் பார்த்தேன். ஒவ்வொன்றாக எல்லையைத் தாண்டியிருந்தன. பறித்தோம், அனுப்பினோம். அங்கிருந்து வந்த பதிலில் புகார் இல்லை. கடைசியாக வந்த பெட்டிகள் எந்தத் தோட்டம், அதே காய் அடுத்த வருடம் இன்னும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதலாளி அதைத் தாளோடு எடுத்துக்கொண்டு போய் மச்சானிடம் தமிழில் படித்துக் காட்டினாராம். அவர் இரண்டாம் முறை படிக்கச் சொன்னாராம்.

காற்றில் விழுந்தவை விழுந்தவைதான். நான் காத்திருக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் அவை எல்லாம் விலைக்குப் போயிருக்கும், தின்பவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். எது சரி என்று அன்று மரத்தடியில் நின்றபோது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இன்றைக்கும் அப்படித்தான். ஒன்று மட்டும் செய்தேன். அடுத்த வருடத்திலிருந்து, தண்ணீரை எப்போது நிறுத்தலாம் என்று சொல்லக் காய் சிறிதாக இருக்கும்போதே தோட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் கூப்பிட்டவர் சென்னியப்பன்தான்.

அதற்கு முன்பே, தை மாதத்தில், அவர் மகள் கல்யாணம். எங்கள் வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். ஞானராஜும் நானும் போனோம். மண்டப வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொந்தக்காரரிடமும் கூட்டிப் போய், "இவங்க யார் தெரியுமுங்களா? நம்ம தோட்டத்து மாங்காய வேண்டாம்னு சொன்ன அம்மிணி!" என்று முழங்கினார். ஏதோ பட்டம் வாங்கிய பெண்ணை அறிமுகப்படுத்துவது போல. எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. அவர்களில் இரண்டு மூன்று பேர் மெல்ல என் பக்கம் ஒதுங்கி, "எங்க தோட்டத்துக்கும் ஒருக்கா வந்து பாக்கோணுமுங்க" என்றார்கள்.

பந்தியில் எங்களை உட்காரவைத்து, மற்றவர்கள் கையிலிருந்து வாளியை வாங்கி அவரே பாயசம் ஊற்றினார். குடித்து முடிப்பதற்குள் இன்னொரு கரண்டியோடு வந்து நின்றார். நான் இலைமேல் கையை மறித்து, "வேண்டாம் அண்ணாச்சி, போதும்" என்றேன்.

"அந்தப் பேச்செல்லாம் தோட்டத்தோட உட்டுப் போடோணுமுங்க" என்று சொல்லி, என் கையை விலக்கிவிட்டு ஊற்றினார்.